ஓரம் வெள்ளையாக இருந்தால் வெட்டின புத்தகமா?

கொக்குவில் கட்டர்:
நேற்றிரவு ஒரு அறிவுரையை வாசித்தேன், நித்திரை போய்விட்டது. பழைய காமிக்ஸ் வாங்குகிறவர்களுக்காக ஒருவர் எழுதியிருக்கிறார்: உள்தாள் பழுப்பு, ஓரம் வெள்ளை என்றால் அது ஓரம் வெட்டின புத்தகம், அடிமட்டம்கூடத் தேவையில்லை, காசைத் திருப்பிக் கேளுங்கள் என்று. கீழே முப்பது பேர் நன்றி அண்ணை, நன்றி அண்ணை. யாருக்காவது ஒரு நிமிடம் யோசிக்க நேரம் இருந்ததா? உள்தாள் பழுப்பாக இருக்கிற புத்தகத்தை வெட்டினால் வெட்டுவாயில் வெள்ளை எங்கிருந்து வரும்? வெட்டினால் உள்ளே என்ன நிறமோ அதுதான் வெளியே தெரியும். எங்கள் அப்பா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பைண்டிங் கடை வைத்திருந்தவர். நான் பத்து வயதில் பசை கிண்டியவன். அந்தக் கட்டிங் மெசின் சத்தத்தில்தான் வாய்ப்பாடு பாடமாக்கினேன். ஆகவே கொஞ்சம் மரியாதையாகக் கேட்கிறேன், இதை எழுதியவர் வாழ்க்கையில் ஒரு புத்தகமாவது வெட்டியிருக்கிறாரா?

தின்னவேலிச் சந்தை:
எழுதியது நான்தான், ஒளிக்கவில்லை. போன மாதம் முத்து காமிக்ஸின் பழைய இதழ் ஒன்றை ஒருவரிடம் 6,000 ரூபா கொடுத்து வாங்கினேன். தாள் பிளேன்ரீ நிறம். ஓரம் பல்லு மாதிரி வெள்ளை. மூலை நாலும் கத்தி மாதிரிக் கூர். இத்தனை வருடம் கையில் புரண்ட புத்தகத்துக்குக் கூர் மூலை எங்கிருந்து வந்தது? கிழிசலும் அழுக்கும் தெரியாமல் இருக்க ஓரத்தைச் சீவி விற்றிருக்கிறார்கள். ஓரம் வெள்ளை, வெட்டினதுதான். இதில் என்ன ஆராய்ச்சி?

கொக்குவில் கட்டர்:
மூலை கூர் என்றீர்கள், அது நல்ல அடையாளம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அறிவுரையில் மூலையைப் பற்றி ஒரு சொல் இல்லையே! ஓரம் வெள்ளை, ஓரம் வெள்ளை என்றுதான் இருந்தது.

பாணை எடுங்கள். வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளை. பழைய காமிக்ஸ் அச்சடித்த நியூஸ்பிரிண்ட் தாளும் அப்படித்தான். மரக்கூழில் லிக்னின் என்று ஒன்று அப்படியே தங்கிவிடும், அது காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும். காற்று ஓரத்தால்தான் உள்ளே போகும், ஆகவே ஓரம் முதலில் கறுக்கும், நடு கடைசியில். ஒழுங்காக வைத்த புத்தகத்தைத் திறந்தால் மூன்று பக்கமும் ஒரு கறுத்த கரை தெரியும், நடுப்பக்கம் வெளிறியிருக்கும். வெட்டினால் அந்தக் கரைதான் போகும். ஆகவே பார்க்க வேண்டியது ஓரம் வெள்ளையா என்று இல்லை, மேலேயும் கீழேயும் கரை இருக்கும்போது வலது பக்கத்தில் மட்டும் கரை இல்லையா என்று. முழுத் தாளும் பிளேன்ரீ நிறம் என்றால் அது நடு வரைக்கும் கருகின பாண். அதை வெட்டினாலும் கருகல்தான் வரும், வெள்ளை வராது.

தின்னவேலிச் சந்தை:
கருகின பாணை வெட்டினால் வெள்ளை வரும். நான் தினமும் காலையில் வெட்டுகிறேன்.

கொக்குவில் கட்டர்:
நடு வரைக்கும் கருகினது என்று எழுதியிருக்கிறேன். நடு வரைக்கும்.

தின்னவேலிச் சந்தை:
நடு வரைக்கும் கருகிற பாண் உங்கள் கொக்குவில் பேக்கரியில்தான் கிடைக்கும்.

ஸ்காபரோ சிவம்:
தம்பிமார், பாணை விடுங்கோ. இங்கே வட அமெரிக்காவில் கொமிக்ஸ் ஓரம் வெட்டினது என்றால் சின்ன விசயம் இல்லை. சி.ஜி.சி. என்று 2000இல் தொடங்கிய தரப்படுத்தும் கம்பனி இருக்கிறது. கைவைத்த புத்தகம் என்று கண்டால் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஊதா லேபல் ஒட்டிவிடுவார்கள், ஓரம் வெட்டினதும் அதில் சேரும். ஊதா லேபல் விழுந்தால் விலையும் விழுந்தது. அளவு தெரிந்தால் பிரச்சினை பாதி முடிந்தது. இப்போதைய அமெரிக்கப் புத்தகம் 6.625 அங்குலம் அகலம், 10.25 அங்குலம் உயரம். அடிமட்டம் வைத்தால் ஒரு நிமிடம்.

கொக்குவில் கட்டர்:
சிவம் அண்ணை, அது இப்போதைய புத்தகத்துக்கு. அமெரிக்காவிலேயே 1940களில் வந்தவை அதைவிட அகலம், பிறகு சிறுத்துச் சிறுத்துத்தான் இங்கே வந்து நின்றது. இங்கே நாங்கள் கதைப்பது தமிழ்நாட்டில் அச்சடித்தது. அச்சகத்திலேயே தாளை மடித்து, கம்பி அடித்து, அடுக்காக வைத்து வெட்டுவார்கள். அடுக்கு கொஞ்சம் நகர்ந்தால் ஒரே மாதத்து இதழில் இரண்டு பிரதி இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசமாக வரும். என்னிடமே 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸில் ஒரே இதழ் இரண்டு இருக்கிறது, இரண்டும் கை படாதவை, ஒன்று மற்றதைவிடக் கட்டை. அடிமட்டத்தை மட்டும் நம்பினால் நல்ல புத்தகத்தையும் கள்ளப் புத்தகம் என்பீர்கள். பொருத்திப் பார்க்க அதே இதழில் இன்னும் இரண்டு மூன்று பிரதி வேண்டும்.

பேந்து அது கொமிக்ஸ் இல்லை. அட்டையில் காமிக்ஸ் என்றுதான் இருக்கிறது.

ஸ்காபரோ சிவம்:
யாழ்ப்பாணத்தான் கொமிக்ஸ் என்றுதான் எழுதுவான். ரொறன்ரோவில் இருந்தாலும் நான் மறக்கவில்லை, நீங்கள் ஊரில் இருந்துகொண்டே மறந்துவிட்டீர்கள்.

ஓய்வுபெற்ற மாஸ்டர்:
வணக்கம். ஒரு சின்னக் கேள்வி. அச்சகத்தில் வெட்டுவதும் வெட்டு, பைண்டிங் கடையில் வெட்டுவதும் வெட்டு, விற்கிறவர் அழுக்கை மறைக்க வெட்டுவதும் வெட்டு. இங்கே எந்த வெட்டைப் பற்றி விவாதிக்கிறீர்கள்? முதலில் அதை வரையறுத்துக்கொண்டால் நல்லது.

தின்னவேலிச் சந்தை:
வெள்ளை ஓரத்தைப் பற்றித்தான் மாஸ்டர்.

சுன்னாகத்துச் சுண்டெலி:
கொக்குவில் பைண்டிங் கடை என்றதும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. உங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் 1988இல் என் பன்னிரண்டு புத்தகத்தை ஒன்றாகக் கட்டக் கொடுத்தேன். அதில் இரும்புக்கை மாயாவியும் ஒன்று, 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அந்தக் கதையில்தான். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். எனக்குத் திரும்பி வந்த புத்தகத்தில் உடம்பு இருக்கிறது, கையைக் காணவில்லை! ஓரத்தோடு சேர்த்து வெட்டிவிட்டார்கள். அந்தக் கடை உங்கள் அப்பாவினதா?

கொக்குவில் கட்டர்:
கொக்குவிலில் ஒரு கடையா இருந்தது? ஓரத்தில் அரை அங்குலம்கூட வெற்றிடம் விடாமல் படம் போட்டால் யார் வெட்டினாலும் கை போகும்.

ஆனால் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள், இதைத்தான் நான் சொல்ல வந்தது. எங்கள் ஊரில் வெட்டுப்பட்ட காமிக்ஸில் பெரும்பங்கு கள்ள வியாபாரிகள் வெட்டியது இல்லை, பைண்டிங்குக்காக வெட்டியது. அந்தத் தொகுப்பை இப்போது பிரித்துத் தனித்தனியாக விற்கிறார்கள், தனிப்புத்தகத்துக்கு விலை கூட என்று. 1988இல் வெட்டிய ஓரம் இன்றைக்கு வெள்ளையாகவா இருக்கும்? அதுவும் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகக் காற்றுப் பட்டு வடிவாகக் கறுத்திருக்கும். உங்கள் வெள்ளை ஓரத்தைத் தேடிக்கொண்டு போனால் இதில் ஒன்றும் அகப்படாது. முதுகைப் பாருங்கள். கம்பி அடித்த இரண்டு ஓட்டையைத் தவிர முதுகுக்குக் கிட்ட வரிசையாக ஊசித் துளை இருந்தால் அது நூல் போட்டுத் தைத்த துளை. முதுகு மடிப்பில் காய்ந்த பசைப் பொருக்கு. கத்தியில் ஒரு பல் போயிருந்தால் வெட்டுவாயில் மேலிருந்து கீழ் வரைக்கும் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் கோடு ஓடும். பன்னிரண்டு புத்தகத்திலும் அதே இடத்தில் அந்தக் கோடு என்றால் ஒன்றாக இருந்த புத்தகங்கள், ஒன்றாக வெட்டுப்பட்டவை. இதை எந்த ஊதா லேபலும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

தின்னவேலிச் சந்தை:
என் புத்தகத்தில் ஊசித் துளை இல்லை, பசை இல்லை. ஓரம் வெள்ளை. இப்போது சொல்லுங்கள்.

கொக்குவில் கட்டர்:
நடுப்பக்கத்தைத் திறந்து பார்த்தீர்களா? மடித்துக் கம்பி அடித்த புத்தகத்தில் நடுத்தாள் வெளியே தள்ளி நிற்கும், அதை மட்டமாக்கத்தான் வெட்டுவது. ஆகவே நடுத்தாள் எப்போதும் மட்டையைவிட ஒடுக்கம், உள்ளே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கம்பியைக் கழற்றித் தாளைத் தனித்தனியாக ஒரே அளவில் வெட்டித் திரும்ப அடித்திருந்தால் அந்தக் கணக்குப் பிழையாகும், நடுத்தாள் நாக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். நிற்கிறதா?

தின்னவேலிச் சந்தை:
நிற்கவில்லை. ஆனால் ஓரம் வெள்ளை.

ஸ்காபரோ சிவம்:
தாளை வெளுக்கச் செய்கிற ஆட்களும் இருக்கிறார்கள். மருந்தில் கழுவினால் வெள்ளை வரும். அதுவும் ஊதா லேபல்தான்.

சுன்னாகத்துச் சுண்டெலி:
சிவம் அண்ணை, உங்களைப் போன்ற ஆட்கள் டொலரைக் கொண்டுவந்து கொட்டித்தான் நூறு ரூபாப் புத்தகம் ஆறாயிரத்துக்குப் போனது. விலை ஏறியதால்தான் ஓரம் சீவுகிறார்கள். முன்பு யார் மினக்கெட்டு வெட்டினான்?

ஸ்காபரோ சிவம்:
நாங்கள் வாங்காவிட்டால் அதில் பாதி கச்சான் சுத்தப் போயிருக்கும்.

சுன்னாகத்துச் சுண்டெலி:
கச்சான் சுத்தினவர்கள் யார் என்று தெரியுமா உங்களுக்கு? சண்டைக் காலத்தில், தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்த காலத்தில் நாங்கள் இங்கே இருந்தோம். ஜாம் போத்தல் விளக்கில் ஒரே புத்தகத்தை ஒரு ஒழுங்கை முழுக்க வாசித்தது. 95 ஒக்டோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது புத்தகங்களைப் பெட்டியோடு விட்டுவிட்டு நடந்தோம், 96இல் திரும்பி வந்தபோது பெட்டிக்குள் கறையான் புற்று. நீங்கள் 89இலேயே விமானம் ஏறிவிட்டீர்கள்.

ஸ்காபரோ சிவம்:
அதற்கும் ஓரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சுன்னாகத்துச் சுண்டெலி:
கறையான் தின்ற ஓரத்தை நான் பிளேட்டால் சீவினேன். விற்க இல்லை, பிள்ளைகள் தொட. அதையும் கள்ளம் என்பீர்களோ?

ஓய்வுபெற்ற மாஸ்டர்:
இதைத்தான் கேட்டேன். நாலாவது வெட்டும் வந்துவிட்டது. வரையறை?

கொக்குவில் கட்டர்:
சுண்டெலி, பிளேட்டால் சீவினது ஒரு பார்வையில் தெரியும். அடிமட்டம் வைத்துச் சீவினாலும் மேல் தாளும் அடித் தாளும் ஒரே கோட்டில் வராது, சரிவு விழும். மெசின் வெட்டு நேராக இறங்கும். நேராக இருப்பதால் மட்டும் நல்லது என்றும் சொல்ல முடியாது, அச்சகத்து வெட்டும் மெசின்தானே. இன்னொன்று, ஓரத்தில் விழுந்த பழைய கிழிசல், மடிப்பு, ஈரக் கறை எல்லாம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். சும்மா இருக்கிற புத்தகத்தில் கிழிசல் ஓரத்தில் அகலமாகத் தொடங்கி உள்ளே ஒடுங்கும். வெட்டின புத்தகத்தில் அகலமான பகுதி போய், ஒடுங்கின வால் மட்டும் மிஞ்சி நிற்கும். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தின்னவேலிச் சந்தை அண்ணை, உங்கள் புத்தகத்தில் அப்படி வால் இருக்கிறதா?

தின்னவேலிச் சந்தை:
ஒன்று இருக்கிறது. அட்டையில், வலது பக்கம், கீழே.

கொக்குவில் கட்டர்:
அப்படியானால் வெட்டினதுதான்! அதை முதலில் சொல்லியிருக்கலாமே.

தின்னவேலிச் சந்தை:
முதல் வரியிலேயே சொன்னேன். ஓரம் வெள்ளை, வெட்டினது.

கொக்குவில் கட்டர்:
வெட்டினது சரி. வெள்ளையால் இல்லை, வாலால்.

தின்னவேலிச் சந்தை:
வெள்ளையால்.

கொக்குவில் கட்டர்:
சனிக்கிழமை புத்தகத்தைக் கொக்குவிலுக்குக் கொண்டு வாருங்கள். லென்ஸ் என்னிடம் இருக்கிறது. அந்த ஓரம் வெள்ளையே இல்லை என்று காட்டுகிறேன். கடைக்கு மேலே எரிகிற உங்கள் ரியூப் லைற்றுக்குக் கீழே வைத்துப் பார்த்திருப்பீர்கள்.

தின்னவேலிச் சந்தை:
புத்தகம் என்னுடையது, நான் ஏன் வர வேண்டும்? நீங்கள் லென்ஸைத் தூக்கிக்கொண்டு தின்னவேலிக்கு வாருங்கள், சைக்கிளில் பத்து நிமிடம்.

கொக்குவில் கட்டர்:
பத்து நிமிடம் உங்களுக்கும்தான்.

ஸ்காபரோ சிவம்:
ஓகஸ்ட்டில் நான் ஊருக்கு வருகிறேன். அளவு எடுக்கிற கருவியோடு வருகிறேன், அது வரைக்கும் யாரும் தொடாதீர்கள்.

கொக்குவில் கட்டர்:
அந்த 6.625ஐ அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள் அண்ணை.

சுன்னாகத்துச் சுண்டெலி:
எல்லாம் சரி, 1988இல் உங்கள் கடைக்கு வெளியே பச்சைப் பெயின்ற் அடித்த மரக் கதவு இருந்ததா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.