நெட்வொர்க் பிளேயர்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு தருணம்

நள்ளிரவுக்காது:
நெட்வொர்க் பிளேயர், அதாவது வீட்டு நெட்வொர்க் வழியாகப் பாட்டுக் கோப்புகளை எடுத்து ஒலிக்கும் பெட்டி, வாங்கி மூன்று வாரம். ஒரு கச்சேரிப் பதிவு, சிடியிலிருந்து நானே ஃப்ளாக் கோப்பாக (தரம் இழக்காமல் சுருக்கியது) எடுத்தது. ஆலாபனை ஒரு டிராக், கிருதி அடுத்த டிராக். பழைய பெட்டியில் அந்த இடம் வந்தாலே தம்பூரா அரை விநாடி அறுந்துபோய்த் திரும்ப ஒட்டும். வருஷக்கணக்கில் கேட்டுப் பழகி, வெட்டு வருமுன்பே உடம்பு சுருங்கிக்கொள்ளும். அன்றைக்கும் சுருங்கியது. வெட்டு வரவில்லை. தம்பூரா தன்பாட்டுக்கு ஓடுகிறது, அதன் மேலேயே பாடகர் மூச்சை இழுத்துப் பல்லவியை எடுக்கிறார். அந்த மூச்சை இத்தனை நாள் நான் கேட்டதே இல்லை, வெட்டு விழுங்கியிருந்தது. விளக்கைக்கூடப் போடாமல் அந்தச் சந்தியை மட்டும் ஏழெட்டு முறை ஓட்டினேன்.

செப்புக்கம்பி:
கோபிக்க வேண்டாம், அது பிளேயரின் வேலை மட்டுமில்லை. யூபிஎன்பியில், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறையில், அடுத்த டிராக் எது என்று நாம் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் கன்ட்ரோல் ஆப் முன்கூட்டியே பெட்டியிடம் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாத ஆப்பும் உண்டு, சொன்னாலும் வாங்கிக்கொள்ளாத பெட்டியும் உண்டு. பழைய பெட்டியைப் புது ஆப்பில் ஓட்டிப் பார்த்தீர்களா?

என் கதை வேறு. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப் இல்லாமல் பிளேயரை நேராக ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பில் மாட்டியிருந்தேன். ஒரு அப்டேட் முடிந்தபோது வால்யூம் அமைப்பு ‘ஃபிக்ஸ்டு’ (எப்போதும் முழு அளவு) என்று மாறியிருந்ததை நான் பார்க்கவில்லை. ப்ளேயைத் தொட்டேன். முழு அளவில் ஒரு டிரம் அடி. டேப்லெட்டைக் கீழே போட்டுவிட்டு ஆம்பின் சுவிட்சுக்கு ஓடியது மட்டும் நினைவிருக்கிறது. ஸ்பீக்கரின் ட்வீட்டர் பிழைத்தது. இன்றும் ப்ளேயைத் தொடுமுன் கை தயங்குகிறது.

அளந்துபார்:
என் அனுபவம் சின்னது. பெட்டி வந்த அன்று ஸ்பீக்கரில் மெல்லிய ‘ம்ம்ம்’. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினால் நின்றது, மாட்டினால் வந்தது. ஷீல்டு (கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) இல்லாத சாதாரணக் கேபிளைப் போட்டேன், தீர்ந்தது.

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் கேபிளைச் செருகும் ஈதர்நெட் போர்ட்டுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. சிக்னல் கம்பிகள் இரண்டு பக்கமும் மின்தொடர்பு இல்லாமல் பிரிந்தே இருக்கும். ஷீல்டு இரண்டு முனையிலும் சேர்ந்துவிட்டால் அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு கிரவுண்ட் லூப், அதாவது இரைச்சலைக் கொண்டுவரும் தரைத்தொடர்பு வளையம், வந்துவிடலாம். ஆகவே விலை கூடிய ஷீல்டு கேபிள்தான் நல்லது என்று போகாதீர்கள். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோப் பாட்டு, சுருக்காமலே 9.2 எம்பிபிஎஸ்தான். 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிசிபி என்ற அனுப்பும் முறையில் தரவுப் பாக்கெட் ஒன்று தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அப்புறம், இரண்டு பெட்டிகளை ஒப்பிடுமுன் ஒலி அளவை மீட்டர் வைத்துச் சமப்படுத்துங்கள். அரை டெசிபல் கூடினாலே அதுதான் உயர்ந்தது என்று காது சொல்லிவிடும்.

நாற்பத்துநாலு:
கேபிள் பற்றிச் சரி. ‘எல்லாம் பிட்டுதானே’ என்கிற தொனிதான் எனக்கு ஒப்பவில்லை. பிட் அப்படியே வருகிறதா என்று யார் பார்த்தது? இரண்டு வருஷம் கம்ப்யூட்டரிலிருந்து யூஎஸ்பி வழியாக ஒரு டாக்குக்கு (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) கொடுத்தேன். அதில் திரை கிடையாது. சிடியில் உள்ளது துளி மாறாமல் போகிறது என்று பலரிடம் சாதித்திருக்கிறேன். நெட்வொர்க் பிளேயரை மாட்டியதும் திரையில் 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று வந்தது, சிடியின் அதே எண். ஏதோ உறுத்தியது. கம்ப்யூட்டரை இதன் யூஎஸ்பி இன்புட்டில் செருகி அதே பாட்டைப் போட்டேன். 48. கம்ப்யூட்டரில் எல்லா ஒலியையும் கலக்கும் மிக்சர் அத்தனையையும் 48-க்கு மாற்றித்தான் அனுப்பியிருக்கிறது. காதுக்குப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் யாரிடம் அடித்துப் பேசினேனோ அத்தனை முகமும் அந்த எண்ணில் தெரிந்தன.

நள்ளிரவுக்காது:
செப்புக்கம்பி, நீங்கள் கேட்டதற்காகப் பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். புது ஆப், அதே சந்தி. தம்பூரா அறுபடவில்லை. மூச்சும் இருந்தது. தூக்கம் வரவில்லை. புதியதைக் கொடுத்துவிடப் போவதில்லை. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) இதில் இன்னும் கனமாக விழுவதாகவே எனக்குக் கேட்கிறது. அது அந்த அரை டெசிபல்தானா என்று இன்று மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். எதுவானாலும் இங்கேயே எழுதுகிறேன்.