மறு: மறு: டபீட்டம் லூசிடம், தமிழில் என்ன?

வணக்கம். ஒன்பதாம் வகுப்புத் துணைப்பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். பூனையின் இரவுப் பார்வையையும் ராணுவத்தினர் மாட்டிக்கொள்ளும் நைட் விஷன் கருவியையும் ஒப்பிடும் பாடம். கருவிக்கு 'ஒளிபெருக்கி' போட்டுவிட்டேன். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் மின்னும் டபீட்டம் லூசிடத்துக்குத்தான் சொல் சிக்கவில்லை. லத்தீனில் 'ஒளிரும் விரிப்பு'. 'ஒளிக்கம்பளம்' எனலாமா?

*

> 'ஒளிபெருக்கி' போட்டுவிட்டேன்

வகுப்பில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். பாதிப் பேர் காதில் ஒலிபெருக்கி என்றுதான் விழும். 'இரவுக்கண்' பக்கமும் போகாதீர்கள், மாலைக்கண் நோயோடு குழப்பிக்கொள்வார்கள். கம்பளத்துக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

*

'எல்' இருக்க ஒளி எதற்கு? 'எல்லே இலக்கம்' என்பது தொல்காப்பியம். எல் ஒளி, எல்லி இரவு! இருளையும் ஒளியையும் ஒரே வேரில் வைத்த மொழி நம்முடையது. கருவி 'எல்லிநோக்கி', கண்ணுக்குள் இருப்பது 'எல்லாடி' (எல் + ஆடி). கிரேக்கத்து ஹீலியோஸும் இந்த வேர்தான் என்பது என் துணிபு. தனி மடலில் விரிக்கிறேன்.

*

ஐயா, ஹீலியோஸை விடுங்கள். சங்கப் பாட்டில் 'எல்லா' என்பது விளி. 'எல்லாடி' என்றால் யாரோ தோழியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

*

கால்நடை மருத்துவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இந்தப் படலம் எதையும் பெருக்குவதில்லை. விழித்திரை பிடிக்காமல் விட்ட ஒளியைத் திருப்பி அனுப்புகிறது; இரண்டாம் தடவை பிடித்துக்கொள்ளலாம். அதில் ஒளி சிதறுவதால் கூர்மை கொஞ்சம் போகும். கருவியோ ஒளியை எலக்ட்ரானாக்கி, அதை ஆயிரக்கணக்கில் பெருக்கி, பச்சைத் திரையில் மறுபடி ஒளியாக்குகிறது. மாடு, ஆடு, நாய், தேவாங்கு எல்லாவற்றுக்கும் இந்தப் படலம் உண்டு. பன்றிக்கும் நமக்கும் இல்லை. குழிவிரியன் வெப்பத்தை உணர்வது வேறு கதை, அதற்கு இணை வெப்பப் படக்கருவி. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள். நாங்கள் பேச்சில் டபீட்டம் என்றுதான் சொல்வோம். எழுத வேண்டுமென்றால் 'மீளொளிப் படலம்'.

*

மீள் தன்வினை அல்லவா, டாக்டர்? படலம் ஒளியை மீட்கிறது. ஆகவே 'மீட்பொளி'.

*

மீட்பு என்றதும் தீயணைப்பு வண்டிதான் ஞாபகம் வருகிறது. போதாததற்குக் கண்ணில் படலம் என்றால் எங்கள் ஊரில் புரை விழுந்ததாக அர்த்தம்.

*

நேரமில்லை. 'மீளொளிப் படலம்', அடைப்புக்குள் டபீட்டம். கருவிக்கு 'இருள்நோக்கி'. நாலு பேர் சரி என்றிருக்கிறீர்கள், அனுப்பிவிட்டேன். நன்றி.

*

இருளை நோக்கி என்ன பயன்? இருளில் அல்லவா நோக்க வேண்டும்! எல்லிநோக்கிக்கு என்ன குறை என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.