புதுப்பிப்பு: சட்ட நூலகத்தில் தனி ஆளாக இருப்பவர்களுக்கு

"சட்டக் கல்லூரி நூலகத்தில் நான் ஒருத்திதான், துறைச் செய்தி தெரிஞ்சுக்க யாரைப் பிடிக்கிறது?" என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அமெரிக்கச் சட்ட நூலகர்கள் 1906லேயே சங்கம் வைத்துவிட்டார்கள் என்று ஒருவர் குத்திக் காட்டியிருந்தார். ரோஷம் வந்து, பக்கத்து ஊர் நூலகர்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டோம். குட்மார்னிங் படம் கூடாது என்பது முதல் விதி. (முதலில் மீறியவர் எங்கள் மூத்த சார்!)

அதிகம் அலசியது புதிய குற்றவியல் சட்டங்களைத்தான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சே, பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) புத்தகங்களைக் கழித்துவிடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடவே கூடாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு ஐபிசிதான். அந்த வழக்குகள் இன்னும் பல வருஷம் ஓடும். இன்னொருவர் அலமாரியில் ஒட்டியிருந்த தாளைப் படமெடுத்து அனுப்பினார்: கொலைக்கான பழைய பிரிவு 302 இப்போது 103, மோசடிக்கான பழைய 420 இப்போது 318(4). நானும் ஒட்டிவிட்டேன். பசங்க தொந்தரவு நிறையவே குறைந்திருக்கிறது.

சந்தாவுக்குக் காசில்லை என்று புலம்பியவர்களுக்கு: உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் 1950 முதல் தீர்ப்புகள் இலவசம்.

1891இல் தொடங்கிய, தீர்ப்புகளை வெளியிடும் சட்ட இதழான மெட்ராஸ் லா ஜர்னலின் எந்தத் தொகுதி யாரிடம் இருக்கிறது என்று எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஆரம்ப காலத் தொகுதிகள் பொடியும் நிலையில் இருந்தாலும் பரவாயில்லை, வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.