பேராசிரியர்கள் எழுதிய கனமான புத்தகங்கள்: எதிலிருந்து பிடிப்பது?

வேளச்சேரி வாசகன்:
எல்லோருக்கும் வணக்கம். மென்பொருள் வேலை, வீடு வேளச்சேரி. கொஞ்ச காலமாக யூடியூபில் சோழர் வரலாறு, சங்க இலக்கியம், பொருளாதாரம், மூளை அறிவியல் என்று அகப்பட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது யார் சொல்வதையும் நம்ப முடியவில்லை. ஒருவர் ராஜராஜன் ஆட்சி இன்றைய கலெக்டர் ஆபீஸ் மாதிரி நடந்தது என்கிறார், இன்னொருவர் அப்படி ஒரு அரசாங்கமே கிடையாது என்கிறார், இரண்டு பேரும் கல்வெட்டு கல்வெட்டு என்றுதான் சொல்கிறார்கள். சரி, பல்கலைக்கழகத்தில் இதையே வேலையாகச் செய்தவர்கள் எழுதிய புத்தகத்தையே படித்துவிடலாம் என்று தேடினால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்ட ஒன்றின் விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டேன். நண்பனிடம் இரவல் வாங்கிய இன்னொன்றில் முன்னுரையைத் தாண்டவே முடியவில்லை, ‘கோட்பாட்டுச் சட்டகம்’ என்று ஆரம்பித்து முப்பது பக்கம் யார் யாரையோ மறுத்துக்கொண்டே போகிறார்.

வரலாறுதான் என்றில்லை, எந்தத் துறையானாலும் சரி. எதை முதலில் எடுப்பது, எப்படிப் படிப்பது, சென்னையில் சொத்தை விற்காமல் எங்கே படிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவல்லிக்கேணி தாத்தா:
தம்பி, நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், பேராசிரியர் இல்லை. ஆனால் சோழர் விஷயத்தில் உங்களுக்கு வந்த குழப்பம் யூடியூப்காரர்கள் கிளப்பியது இல்லை, புத்தகங்களுக்குள்ளேயே பல வருஷமாக நடக்கிற சண்டை அது. அந்தச் சண்டையை வரிசையாகப் படித்தால் எல்லாம் விளங்கும்.

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1929-லிருந்து 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். சோழர்கள் பற்றிய அவருடைய புத்தகத்தைப் பல்கலைக்கழகமே 1935-லும் 1937-லும் இரண்டு பாகமாகப் போட்டது, 1955-ல் திருத்திய பதிப்பு வந்தது. தமிழிலும் கிடைக்கிறது. அதில் அடிக்குறிப்பைப் பாருங்கள், ஒரு எண், பக்கத்தில் ஒரு வருஷம், அவ்வளவுதான் இருக்கும். அது தொல்லியல் துறை வருஷாவருஷம் படியெடுத்த கல்வெட்டுகளின் அறிக்கையில் அந்தக் கல்வெட்டுக்குக் கொடுத்த எண். அதில் பல கல்வெட்டுகளின் முழு வாசகம் அப்போது அச்சில் வரவே இல்லை. மனிதர் அதையெல்லாம் திரட்டி, வலுவான மத்திய அரசு, கீழே தன்னாட்சி உள்ள கிராம சபைகள் என்று ஒரு சித்திரம் வரைந்தார்.

1980-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் இருந்த பர்ட்டன் ஸ்டெய்ன் ஒரு புத்தகம் எழுதி அதைத் தலைகீழாக்கினார். நிஜமான அதிகாரம் நாடு என்ற சிறு வட்டாரங்களிடம்தான் இருந்தது, அரசன் பெரும்பாலும் சடங்கு அளவில்தான் தலைவன் என்றார். ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றி மானிடவியலாளர் எய்டன் சவுத்தால் சொன்ன கருத்தைக் கொண்டுவந்து இங்கே பொருத்தினார். உங்கள் இரண்டாவது யூடியூப்காரர் இவர் கட்சி.

எனக்கு இரண்டு பேரையும்விட நடுவில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தவர்களைத்தான் பிடிக்கும். எ. சுப்பராயலு கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்தி, எந்த நாடு எங்கே இருந்தது என்று வரைபடமே போட்டார், 1973-ல் புத்தகமாக வந்தது. ஸ்டெய்னே அதை எடுத்துக்கொண்டுதான் வாதாடினார், அது வேறு கதை. அப்புறம் டோக்கியோ பல்கலைக்கழகத்து நொபுரு கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூன்று பேரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள் பெயர், பட்டப் பெயர் எல்லாவற்றையும் அடைவாகத் தொகுத்து 1978-ல் வெளியிட்டார்கள். எந்த அரசன் காலத்தில் எந்த அதிகாரிப் பட்டம் எவ்வளவு வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், வெறும் சடங்கு அரசன் என்று சொல்லிவிட முடியவில்லை. கராஷிமா 1984-ல் போட்ட தொகுப்பில் அல்லூர், ஈசானமங்கலம் என்று திருச்சி பக்கத்து இரண்டு ஊரை வைத்து ஒரு கட்டுரை இருக்கிறது. ஒன்றில் நிலம் ஊரார் பொதுவில், இன்னொன்று பிராமண ஊர், அங்கே தனித்தனி ஆள் பெயரில். இரண்டு ஊர், கொஞ்சம் கல்வெட்டு, அதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தக் கட்டுரை காட்டும். அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ராஜராஜன் நிலத்தை முந்திரி, கீழ்முந்திரி என்கிற மிகச் சின்னப் பின்னம் வரை அளந்தான் என்று வீடியோவில் மெய்சிலிர்க்கிறார்கள் இல்லையா, அந்தப் பின்னம் வயலில் கோல் பிடித்து அளந்ததில் வந்ததா, எழுதுகிறவன் கணக்கில் வகுத்ததில் வந்ததா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

கிண்டி 98:
தாத்தா சொன்னது வரலாற்றுக்குச் சரி. எங்கள் பக்கம் கதையே வேறு. அறிவியலில் பேராசிரியர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அதைப் புத்தகமாக எழுத மாட்டார், ஆய்விதழில் கட்டுரையாகத்தான் போடுவார். ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ராமகிருஷ்ணன், சசிசேகரன் இரண்டு பேரோடு 1963-ல் ஒரு கட்டுரை எழுதினார், மொத்தம் ஐந்தே பக்கம். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று காட்டுகிற படம் அதிலிருந்து வந்ததுதான், இன்றைக்கும் உலகத்தில் எங்கே புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் ராமச்சந்திரன் படத்தில் போட்டுச் சரிபார்க்கிறார்கள். ஆர். சீனிவாசனோடு சேர்ந்து படிகவியல் கணிதம் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1970-ல் வந்தது, அது அந்தத் துறையில் வேலை செய்கிறவர்களுக்கு. நீங்களோ நானோ எடுத்தால் முதல் அத்தியாயத்திலேயே ஃபூரியர் வந்து கழுத்தைப் பிடிப்பார்.

ஆக, வரலாற்றில் புத்தகம்தான் கண்டுபிடிப்பு, அறிவியலில் புத்தகம் என்பது கண்டுபிடித்ததெல்லாம் ஆறி அடங்கிய பிறகு ஒருவர் உட்கார்ந்து ஒழுங்கு பண்ணுவது. பொறியியலில் பெரும்பாலும் பாடநூல்தான். ஆனால் பாடநூல் என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் வி. பாலகிருஷ்ணன் எழுதிய கணித இயற்பியல் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், வகுப்பில் நின்று பேசிப் பேசி எந்த இடத்தில் பையன் முழிப்பான் என்று தெரிந்த ஆள் எழுதியது. அவருடைய வகுப்புகள் என்.பி.டி.இ.எல். என்ற இணைய வகுப்புத் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. முதலில் வீடியோ, அப்புறம் புத்தகம். உங்கள் யூடியூப் பழக்கத்துக்கும் தோதாக இருக்கும்.

மாலதி:
நான் ஒரு கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், ஊர் பேர் வேண்டாம். எல்லோரும் நல்ல புத்தகமாகவே சொல்கிறீர்கள், மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி புத்தகம் எழுதினால் ஆய்வுப் புள்ளி உண்டு, வெளிநாட்டுப் பதிப்பகம் என்றால் 12, உள்நாட்டு என்றால் 10, தொகுப்பு நூலில் ஒரு கட்டுரை என்றால் 5. பதவி உயர்வுக்கு இது வேண்டும். இதை வைத்தே பிழைக்கிற பதிப்பகங்கள் இருக்கின்றன. ‘மேடம், பணம் கட்டுங்க, ஒரு வாரத்துல ஐ.எஸ்.பி.என்.னோட கையில கொடுத்துடறோம்’ என்று எனக்கே போன் வந்திருக்கிறது. ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்துக்கு ஒரு அடையாள எண், நம் நாட்டில் அது இலவசமாகவே கிடைக்கிறது, அதற்கும் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை. எங்கள் ஸ்டாஃப் ரூம் அலமாரியில் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள், எழுதியவர்களைத் தவிர யாரும் பிரித்துப் பார்த்ததில்லை, எழுதியவர்களும் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எனவே அட்டையில் ‘முனைவர்’ என்று இருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் நன்றியுரையைப் படியுங்கள். யார் யார் கைப்பிரதியைப் படித்துத் திருத்தினார்கள், எந்த ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தார், எந்த ஊரில் யாரிடம் பேசினார் என்று இருக்கிறதா, இல்லை தாளாளருக்கும் முதல்வருக்கும் நன்றி சொல்லி முடிந்துவிடுகிறதா? அப்புறம் கடைசியில் சொல்லடைவு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் நல்ல புத்தகத்திலும் சில சமயம் இருக்காது, அது நம் பதிப்பகங்களின் சாபக்கேடு, ஆனால் இருந்தால் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

முன்னுரையில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னீர்களே சார், ஆய்வேட்டைப் புத்தகமாக்கினால் அப்படித்தான் இருக்கும். அந்த முப்பது பக்கம் தேர்வாளருக்காக எழுதியது, ‘இவ்வளவும் படித்திருக்கிறேன்’ என்று காட்ட. அதைத் தாண்டி, ஆசிரியர் ஒரு ஊரிலோ ஒரு ஆவணத்திலோ இறங்குகிற அத்தியாயத்துக்கு நேராகப் போய்விடுங்கள். பிடித்திருந்தால் திரும்பி வந்து முன்னுரையைப் படித்துக்கொள்ளலாம், அப்போது அந்த மறுப்புகளெல்லாம் எதற்கு என்று தெரியும்.

சைதை பையன்:
எல்லாரும் இங்கிலீஷ் புக்காவே சொல்றீங்களே, தமிழ்ல எழுதின பேராசிரியரே இல்லையா?

மாலதி:
ஏன் இல்லை தம்பி. தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமே 1989-ல் புத்தகமாகப் போட்டது. கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் அந்தக் கோயிலோடு என்ன உறவு என்று தனித்தனியாகப் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். ஏட்டில் இருப்பதும் திருவிழாவில் ஜனங்கள் செய்வதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஆய்வேடு என்ற நினைப்பே வராது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் அடையாறு எம்.ஐ.டி.எஸ். ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது எம்.ஜி.ஆர். பற்றி எழுதிய சின்னப் புத்தகம் 1992-ல் ஆங்கிலத்தில் வந்தது, ‘பிம்பச் சிறை’ என்று தமிழிலும் இருக்கிறது. எம்.ஜி.ஆர். ரசிகர்கள் வீட்டில் ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டியது. உடன்படாவிட்டாலும் பரவாயில்லை, சினிமா, வரி, ஓட்டு மூன்றையும் ஒரே கேள்விக்குள் எப்படிக் கொண்டுவருகிறார் என்று கவனியுங்கள்.

இலக்கியம் என்றால், ஆங்கிலப் புத்தகம்தான் என்றாலும், இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி. சங்கப் பாட்டு பாணர்கள் வாய்மொழியாகப் பாடியது, கிரேக்க வீரப் பாடல் மாதிரி திரும்பத் திரும்ப வரும் வாய்பாட்டுத் தொடர்களால் ஆனது என்று வாதாடி 1968-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்தில் போட்டார். ஜார்ஜ் ஹார்ட் 1975-ல் தன் புத்தகத்தில், இவை பாணர் மரபைப் பார்த்துப் புலவர்கள் செய்தவை, அப்படியே வாய்மொழி அல்ல என்றார். இரண்டையும் வைத்துக்கொண்டு புறநானூற்றை எடுங்கள், தாத்தா சொன்ன சோழர் சண்டைக்குக் குறையாமல் இருக்கும்.

வேளச்சேரி வாசகன்:
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தாத்தா, கராஷிமா தொகுப்பை எங்கே பிடிப்பது? வாங்க நினைத்தால் பழைய பிரதிக்கே எக்கச்சக்க விலை சொல்கிறார்கள்.

திருவல்லிக்கேணி தாத்தா:
உங்களுக்குத்தான் பறக்கும் ரயில் வீட்டு வாசலிலேயே இருக்கிறதே. வேளச்சேரியில் ஏறினால் தரமணி, அங்கே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய தமிழ் அச்சு நூல்களுக்கு அதை விட்டால் ஆளில்லை, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் அந்தப் பக்கம்தான், அவர்கள் வெளியீடுகள் விலை ரொம்பக் குறைவு. கஸ்தூர்பா நகரில் இறங்கினால் எம்.ஐ.டி.எஸ்., பொருளாதாரம், சமூகவியல் இரண்டுக்கும். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து படிக்கலாம், வரலாறு ஏழாவது மாடி. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம். எழும்பூர் கன்னிமாராவுக்கு மட்டும் பஸ் பிடிக்க வேண்டும், 1954 சட்டப்படி நாட்டில் வெளியாகிற புத்தகத்தில் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று, கடையில் இல்லாதது அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். பட்டியலை முதலில் பாருங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் உறுப்பினர் விதி, விடுமுறை நாள் வேறு வேறு, போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

கிண்டி 98:
வீட்டில் உட்கார்ந்தே வேண்டுமென்றால்: சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், பர்ரோ, எமனோ போட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தன் வெளியீடுகளில் சிலவற்றை இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையதளத்தில் கிடைக்கும், புத்தகம் வாங்க முடியாவிட்டால் அதே ஆளின் ஆய்வேடு அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள், பழைய ஆட்களுடையது எல்லாம் இருக்காது. 2025-லிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று மத்திய அரசுத் திட்டம் ஒன்றைச் சொல்கிறார்களே, அது அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு, அதுவும் ஆய்விதழ்களுக்குத்தான். மாலதி மேடத்துக்கு உதவும், நமக்கு இல்லை.

மாலதி:
எங்கள் கல்லூரி அரசு உதவி பெறும் தனியார் கல்லூரி, எங்களுக்கும் இன்னும் இல்லை சார்.

வேளச்சேரி வாசகன்:
அப்போ சனிக்கிழமை கோட்டூர்புரம். கராஷிமா இல்லாவிட்டால் ‘பிம்பச் சிறை’.