பத்மினி: இன்ஜின் சூடானதும் ஐடில் நிற்பதில்லை

வண்டி 1988 பிரீமியர் பத்மினி, 1089 சிசி பெட்ரோல். ஊர் மதுரை. பாயின்ட் செட்டுக்கு (ஸ்பார்க் வரவைக்கும் பழைய சுவிட்ச்) பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், ஓப்பன் ஏர் ஃபில்டர் மாட்டியிருக்கிறது. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) பழைய சோலக்ஸ் கம்பெனியுடையதுதான்.

போன தீபாவளியிலிருந்து தொல்லை. காலையில் சோக் இழுத்தால் ஒழுங்காக ஓடும். சூடாகி சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் ஏறி இறங்கி அணைந்துவிடும். ஐடில் ஜெட் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது பெட்ரோல் வரும் சிறு துளை) கழற்றி ஊதியாச்சு, பேஸ் கேஸ்கெட் புதுசு, ஸ்பார்க் டைமிங்கும் லைட் வைத்துப் பார்த்தாச்சு. காற்று எங்காவது கசிகிறதா என்று பார்க்க, மேனிஃபோல்டை (கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய்) சுற்றி கார்ப் கிளீனர் அடித்தால் மாற்றமில்லை; த்ராட்டில் ஷாஃப்ட் (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் கம்பி) ஓரத்தில் அடித்தால் மட்டும் ஆர்பிஎம் மாறுகிறது. ஐடில் வேகத்தைக் கூட்டும் ஸ்பீடு ஸ்க்ரூவை ஏற்றி ஓடவிட்டால், ஐடிலில் பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுக்க மூடினாலும் இன்ஜின் ஓட்டத்தில் மாற்றமில்லை. இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனசில்லை.

ஷாஃப்டுக்கு புஷ் (தேய்ந்த துளைக்குள் போடும் சிறு வளையம்) அடித்தால் தீருமா, கார்புரேட்டர் பாடியையே மாற்ற வேண்டுமா?