பதில்: செருலோபிளாஸ்மினுக்குத் தமிழ்ல என்ன வெக்கலாம்?

> ரத்தத்துல செம்பைச் சுமந்துட்டுப் போற புரதம்தானே, "செம்புகடத்தி"ன்னு வெச்சா என்ன?

ஐயா வணக்கம். சொல்லு கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பத்தாங்கிளாஸ் பையன் பாத்தா கரண்ட் போற செம்புக்கம்பின்னுதான் நெனப்பான். அது கெடக்கட்டும், பெரிய சிக்கல் என்னன்னா ரத்தச் செம்புல பெரும்பங்கு இதுக்குள்ளதான் இருக்குங்கறத வெச்சு பழைய புத்தகங்கள்ல சுமக்குற புரதம்னு எழுதிட்டாங்க, நாமளும் அதையே புடிச்சுக்கிட்டோம்.

ஈரல் செல்லுக்குள்ள இந்தப் புரதம் உருவாகும்போதே ஏடிபி7பின்னு ஒரு பம்ப் செம்பக் கொண்டாந்து குடுக்குது, ஒவ்வொரு மூலக்கூறுலயும் 6 செம்பு அணு உக்காந்துருது, அதுக்கப்புறம் ரத்தத்துல சுத்துற நாள் பூரா அதுல புதுசா ஏறுறதும் கெடையாது லேசுல எறங்குறதும் கெடையாது. கல்லு பதிச்ச மோதிரம் மாதிரின்னு வெச்சுக்குங்க. அந்தச் செம்ப வெச்சு அது பாக்குற முக்கியமான வேலை இரும்பு மேல, 2+ இரும்ப 3+ ஆக்கி, ரத்தத்துல இரும்பச் சுமக்குற டிரான்ஸ்ஃபெரின்ங்கற புரதம் தூக்கிட்டுப் போற மாதிரி பண்ணுது. பொறவிலயே இந்தப் புரதம் இல்லாதவங்களுக்கு ஈரல்லயும் மூளையிலயும் சேர்றது இரும்புதான்!

செம்ப ஏத்தி எறக்குற வேலைக்கு ரத்தத்துல ஆல்புமின்னு வேற ஒரு புரதம் இருக்கு. அதோட முனையில மூணாவது எடத்துல ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம், அதையும் சேத்து நாலு நைட்ரஜன் சதுரமா நின்னு ஒரு செம்பு அயனியப் புடிச்சுக்குது, தேவைன்னா விட்டுருது. (நாயோட ஆல்புமின்ல அந்த எடத்துல டைரோசின்னு வேற அமினோ அமிலம், அதனால புடி லூசு.)

அதனால எனக்குப் படுறது, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் பைண்டிங்னு ஒரே சொல் இருந்தாலும் நமக்கு ரெண்டு வேணும். பிணைப்பு ஏற்கனவே வேதியியல்ல பாண்டுக்குப் போயிருச்சு. ஆல்புமினுக்கு "பற்று", செருலோபிளாஸ்மினுக்கு "பதி". மொதல்ல கல்லிழைத்த நகை ஞாபகத்துல "செம்பிழைப் புரதம்"னு எழுதிப் பாத்தேன், படிக்கிறவன் கண்ணுக்கு பிழைதான் தெரியுது, விட்டுட்டேன்.

நீலத்த வெச்சு பேர் கேட்ட அக்காவுக்கு: 1948ல ஸ்வீடன்ல ஹோல்ம்பெர்க், லாரெல் ரெண்டு பேரும் பிரிச்சப்போ கெடச்சது நீலப் புரதம், பேர்லயும் லத்தீன் நீலம்தான் இருக்கு. மயில்துத்தம் பாத்த நமக்கு அது ஆச்சரியமும் இல்ல. ஆனா "குருதிநீலம்"னா அது நண்டு, ஆக்டோபஸ் ரத்தத்துல இருக்குற ஹீமோசயனினுக்குத்தான் அச்சா பொருந்தும், அதுக்கு விட்டு வெப்போம்.

என் ஓட்டு "செம்பு பதிபுரதம்". அந்த ஏடிபி7பி பம்ப் பழுதா இருக்குற வில்சன் நோய்ல இது பலருக்கு கம்மியா இருக்கும், செம்பு பதியாத புரதம் சீக்கிரம் செதஞ்சுரும்ல, அதான். உடம்புலயோ செம்பு தேங்கிக் கெடக்கும். ரிப்போர்ட்ல "செம்புகடத்தி குறைவு"ன்னு போட்டா வீட்ல இருக்கவங்க செம்புக்கொடத்துல தண்ணி ஊத்திக் குடுக்க ஆரம்பிச்சுருவாங்க ஐயா.

"பற்று"தான் கொஞ்சம் ஒதைக்குது, வரவு பற்று கணக்கு மாதிரி இருக்கு. வேற சொல் தோணுனா போடுங்க.