ஐசியு வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் அம்மா: அவங்க உடம்பு கெடாமல் இருக்க என்ன செய்யணும்?

திண்டிவனம் மகள்:
அப்பா சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில், ஐசியுவில் இருக்கார். வார்டுக்கு மாத்த இன்னும் சில நாள் ஆகுமாம். துணைக்கு அம்மா. வயசு 61, சுகர், பிபி ரெண்டும் உண்டு. "எந்நேரம் கூப்பிடுவாங்களோ"ன்னு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க. ரெண்டு காலும் வீங்கியிருக்கு. நானும் தம்பியும் மாறி மாறி வர முடியும். எப்படி ஏற்பாடு பண்றது?

வார்டு சிஸ்டர்:
முதல்ல அந்தப் பயத்துக்கு வழி பண்ணுங்கம்மா. மூணு பேர் செல் நம்பரையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்க. ட்யூட்டி மாறினதும் புதுசா வர்ற சிஸ்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. டாக்டர் நிலவரம் சொல்ற நேரம் எதுன்னு கேட்டு, அப்போ உங்கள்ல ஒருத்தர் கட்டாயம் இருங்க. மத்த நேரம் அம்மா தாராளமா எழுந்து போகலாம். ராத்திரி முறை உங்களுக்கும் தம்பிக்கும்தான். அம்மா பகல்ல இருந்தா போதும், ராத்திரி கால் நீட்டிப் படுக்கணும்.

மருந்துக்கடை அண்ணன்:
ஆஸ்பத்திரியில துணைக்கு இருக்கிற சுகர்காரங்க மயங்குறது பெரும்பாலும் இப்படித்தான்: காலையில கிளிமிப்ரைடுங்கிற சுகர் மாத்திரையைப் போட்டுடுவாங்க, உள்ளேயிருந்து கூப்பிடுவாங்க, டிபன் பதினொரு மணிக்குத் தள்ளிப்போயிடும். மாத்திரை வேலை செஞ்சுகிட்டே இருக்கும், வயிறு காலி. அதனால தட்டு கைக்கு வந்த பிறகுதான் மாத்திரை. இன்சுலின் ஊசியும் அப்படித்தான். சுகர் இறங்கி வேர்த்து, கை நடுங்கினா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிக்கட்டும். 15 நிமிஷத்துல சரியாகலைன்னா இன்னொரு தடவை. தெளிஞ்சதும் சாப்பாடு. சர்க்கரைப் பொட்டலம் பையில கிடக்காம இடுப்புச் சுருக்குப் பையில இருக்கட்டும்.

பிபி மாத்திரையை "இன்னிக்கு ஒரு நாள்தானே"ன்னு விடக்கூடாது. சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், வளாகத்துக்குள்ளேயே அம்மா உணவகம் இருக்கு. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3.

பிசியோ:
உட்கார்ந்தே இருந்தா கெண்டைக்கால் தசை வேலை செய்யாது, ரத்தமும் நீரும் கீழேயே தேங்கும். மணிக்கு ஒரு தடவை 5 நிமிஷம் வராந்தாவில் நடக்கணும். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழுமா 20 தடவை ஆட்டலாம். அம்லோடிபின்ங்கிற பிபி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அந்த மாத்திரையாலயும் கால் வீங்கும். தானா நிறுத்த வேண்டாம், டாக்டர்கிட்ட கேளுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலிச்சா அன்னைக்கே காட்டணும். மூச்சு வாங்கினா நேரா எமர்ஜென்சிதான்.

அப்பா வார்டுக்கு வந்ததும் இன்னொரு ஆபத்து இருக்கு. நோயாளியை அக்குள்ல கை கொடுத்துத் தூக்கினா அவருக்குத் தோள் போகும், அம்மாவுக்கு இடுப்பு பிடிச்சுக்கும். பெட்ஷீட்டை நாலா மடிச்சு, தோளிலிருந்து தொடை வரைக்கும் வர்ற மாதிரி அவருக்கு அடியில விரிங்க. ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு, ஓரத்தை அவர் உடம்பு ஒட்டச் சுருட்டிப் பிடிச்சு, முழங்காலை மடக்கி, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிச் சேர்ந்து நகர்த்துங்க. அம்மாவைத் தனியா செய்ய விடவே விடாதீங்க.

திண்டிவனம் மகள்:
ரொம்ப நன்றி. அம்மாவுக்கு நேத்திலிருந்து லேசா இருமல். மாஸ்க் போட்டுகிட்டு உள்ளே போய்ப் பார்க்கலாமா?

வார்டு சிஸ்டர்:
வேண்டாம்மா. மாஸ்க் இருந்தாலும் ஐசியுவுக்குள்ள அந்தக் கிருமி போகக்கூடாது. இருமல் நிற்கிற வரைக்கும் தம்பி போகட்டும், அம்மா இன்னைக்கே ஓபியில காட்டட்டும். போறவங்க மோதிரம், வளையலைக் கழட்டிட்டு, உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் சானிடைசரை 20 விநாடி விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்க்கணும். அப்பாவுக்கு வயித்துப்போக்கு இருந்தா சானிடைசர் பத்தாது, சோப்பும் தண்ணியும்தான். அம்மா ராத்திரி தூங்காம அழுதுகிட்டே இருந்தா அரசோட மனநல உதவி எண் 14416க்குப் போன் போட்டுக் கொடுங்க. கட்டணம் இல்லை, தமிழ்லயே பேசுவாங்க, எந்நேரமும் எடுப்பாங்க.